ஏரிக்கரை மரங்களும் ஊர்த் தொண்டர் குழுக்களும்

கிராமத்து இளைஞர்கள் கூலி பெறாமல் ஒன்றுகூடி ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், பள்ளிக்கூட மைதானம், கோயில் நந்தவனம், சுடுகாட்டுச் சுற்றுப்புறம் முதலிய பொது இடங்களில் மரக்கன்றுகள் நடும் வழக்கம் சில வருஷங்களாகத் தமிழ்நாடு முழுவதும் பரவி வருகின்றது. பிறந்த நாள், விவாகம், தலைவர்களின் நினைவு நாள் ஆகிய எதனையும் முன்னிட்டுக் கன்று நடுதல் இப்பொழுது சாதாரணமாகி விட்டது. இது மிகவும் நல்ல காரியமே. ஆனால் நட்ட கன்றுகள் எத்தனை என்பதைப் பலகையில் எழுதி வைக்கிறார்களேயன்றி, மூன்றாம் வருஷத்துச் சித்திரையில் உயிரோடிருப்பவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவர் அரியர். ஏரிக்கரை வழியே நடந்து செல்லும் எவரும் தூர்ந்துபோன வெறுங் குழிகளையும், கன்று இல்லாத கம்பிக் கூண்டுகளையும் பல ஊர்களில் காணலாம். அவ்விதம் வீணாகும் உழைப்பைக் குறைப்பதற்கு நிலமுடைய குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் செய்யக்கூடியது யாது என்பதே இவ்வியாசத்தின் பொருள்.

பழைய குடிமராமத்தும் இன்றைய குழுக்களும்

ஊரார் கூடிப் பொதுக் குளத்தைப் பராமரித்தல் நமக்குப் புதிதன்று. ஆயக்கட்டில் நிலமுடையவர்கள் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பி, வாய்க்காலைத் தூர் எடுத்தும், கரையில் உடைப்பு நேர்ந்தால் அடைத்தும் வந்ததற்குக் குடிமராமத்து என்று பெயர். சென்னை மாகாணத்தில் 1858-ஆம் வருஷத்து 1-வது சட்டம் இவ்வழக்கத்துக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. 2017-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் அதே பெயரால் ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று.

பழைய ஏற்பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. மண்வெட்டி பிடித்தவன் எவனோ அவன் நிலத்துக்கே அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தது. ஆகையால் வேலை செய்தவன் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. இன்றைய தொண்டர் குழுக்களிற் பெரும்பாலும் மாணவர்களும், நகரத்தில் உத்தியோகம் பார்த்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் இருக்கின்றனர். அவர்களது சிரத்தையைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் அவர்கள் நட்டுவிட்டுச் சென்ற கன்று பங்குனி மாதத்தில் வாடும்பொழுது பக்கத்தில் நிற்பவர் கரையை ஒட்டி நஞ்சை வைத்திருக்கும் குடியானவரே. அவரைக் கேளாமலும் கூட்டாமலும் தொடங்கிய வேலை நிலைப்பது கடினம்.

இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு காரியம் நடைபெறும் என்பதற்குப் பேராவூரணியை உதாரணமாகக் கூறலாம். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் தஞ்சைக் கடைமடைப் பகுதியில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அதன் பின்னர் அவ்வட்டாரத்து இளைஞர்களும் விவசாயிகளும் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் என்ற பெயரால் ஒன்றுகூடி, உள்ளூராரிடமும் வெளியூர்களில் வாழும் சொந்த ஊராரிடமும் பொருள் திரட்டி, சற்றேறக்குறைய 560 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரியகுளத்தை 2019-ஆம் வருஷத்தில் தூர் வாரிக் கரைகளைப் பலப்படுத்தினர். தென்னையை இழந்தவர்களே குளத்துக்கு வந்தனர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குளம் நிரம்பினால் தம் வயலுக்கு நீர் வரும் என்ற எதிர்பார்ப்பு அவர்களுக்கு இருந்தது.

நடும் பருவம்

கன்றுகள் இறப்பதற்கு முதற் காரணம் பருவம் தவறி நடுவதே. ஜூன் மாதம் 5-ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம். அன்றைக்குக் கன்று நடாத பள்ளிக்கூடமும் குழுவும் இல்லை. ஜூலை முதல் வாரத்தில் வரும் வன மகோத்ஸவம் 1950-ஆம் வருஷத்தில் அப்பொழுது மத்திய மந்திரியாயிருந்த கே. எம். முன்ஷி அவர்களால் தொடங்கப்பட்டது. தென்மேற்குப் பருவ மழையை நம்பியிருக்கும் வட இந்தியாவுக்கு அது மிகப் பொருத்தமான காலம். தமிழ்நாட்டின் நிலைமை வேறு. இங்கே வருஷத்தில் சராசரி 920 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், மூன்றில் ஒரு பங்கு மட்டுமே தென்மேற்குப் பருவத்திலும் கிடைக்கின்றது. கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, பொள்ளாச்சிப் பக்கம் ஆகியவற்றில் ஜூன் மாதத்தில் நடுவது நியாயமே. ராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் திருநெல்வேலியின் கீழ்ப்பாகத்திலும் வைகாசி வெயிலில் கன்று நடுவது அடுப்பின் வாயில் நடுவதற்குச் சமானம்.

புரட்டாசியிற் குழி வெட்டி ஆற விட்டு, நல்ல மழை ஒன்று பெய்து மண் நனைந்தவுடன் ஐப்பசியில் நடுதல் உத்தமம். மழை நிற்பதற்குமுன் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் வேர் கீழே இறங்கக் காலம் கிடைக்கும். கார்த்திகை பிறந்த பிறகு நடுவோர் முதற் கோடையில் இருமடங்கு தண்ணீர் எடுக்க வேண்டியிருக்கும் என்பதை உணர்தல் நலம். ஜூன் 5-ஆம் தேதியை விட்டுவிட மனமில்லாத குழுக்கள் அன்றைய தினம் விதை சேகரித்தல், பைகளில் மண் நிரப்பி நாற்று விடுதல், இடத்தை அளந்து முளைக்குச்சி அடித்தல் ஆகிய வேலைகளைச் செய்யலாம்.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் இருந்தாற் போதும். கல்லாங்குத்து நிலத்தில் இரண்டு அடி வேண்டும். மேல் மண்ணைத் தனியே ஒதுக்கி, நன்கு மக்கிய தொழுவுரம் கலந்து அடியில் இடவும். பச்சைச் சாணம் இட்டாற் கறையான் பிடிக்கும். கறையான் தொந்தரவு உள்ள இடங்களில் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குச் சேர்ப்பது வழக்கம். பாலிதீன் பையைக் கிழித்து எடுத்துவிட்டே நட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ என்று வாசகர் நினைக்கலாம். ஆனால் கூட்டமாக நடும் நாட்களில் பையோடு புதைத்த கன்றுகளை ஆறு மாதம் கழித்துப் பிடுங்கிப் பார்ப்பது அபூர்வமன்று. பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேர் இருந்தால் அதனைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டு நடுதல் வேண்டும். இல்லையேல் வளர்ந்த மரம் சில வருஷங்களுக்குப் பின் காற்றிற் சாயும். ஓர் ஆள் உயரக் கன்றைவிட, தண்டு தடித்த இரண்டடிக் கன்று வறண்ட நிலத்தில் விரைவாகப் பிடிக்கும்.

தண்ணீர்க் கணக்கு

எத்தனை கன்று நடுவது என்பதைக் குழுவினர் தம் ஆசையைக் கொண்டு தீர்மானிக்கின்றனர். அதனைத் தண்ணீரைக் கொண்டு தீர்மானித்தலே முறை. ஒரு குழு 200 கன்றுகள் நடுவதாக வைத்துக் கொள்வோம். மாசி முதல் ஆடி வரையில் 24 வாரங்கள். வாரத்துக்கு ஒரு முறை கன்று ஒன்றுக்கு 15 லிட்டர், அதாவது ஒரு குடம், வார்க்க வேண்டும். வாரம் ஒன்றுக்கு 200 குடம். ஒருவர் ஒரு காலைப் பொழுதில் 20 குடம் சுமக்க இயலுமாயின், வாரந்தோறும் தவறாமல் 10 பேர் வந்தாக வேண்டும். லாரித் தண்ணீரானால் மொத்தம் 72,000 லிட்டர். 5,000 லிட்டர் கொள்ளும் லாரி 15 தடவை வர வேண்டும். இரண்டாங் கோடையில் இதிற் பாதியும், மூன்றாங் கோடையில் கடும் வறட்சியில் மட்டும் சிறிதும் தேவைப்படும். 1,000 கன்று நடுவோர் இக்கணக்கை ஐந்தாற் பெருக்கிக்கொண்டு, அத்தனை பேர் வைகாசியில் வருவார்களா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

தண்ணீரைச் சிக்கனப்படுத்த நம் பெரியோர் கண்ட வழிகள் போதும். அடியிற் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றின் பக்கத்திற் புதைத்து நீர் நிரப்பினால், மேலே வார்க்கும் நீரைப்போல் வெயிலில் ஆவியாகிப் போகாமல் வேருக்கே சேரும். தென்னை மட்டை, கரும்புத் தோகை, காய்ந்த சருகு ஆகியவற்றால் மூடாக்கு இடுவதும் அவ்வாறே. எல்லாவற்றையும்விட அனுகூலமானது, கரையை அடுத்து மின்சாரப் பம்பு வைத்திருக்கும் நிலக்காரரிடம் அவர் வரப்பை ஒட்டிய பத்துக் கன்றுகளை ஒப்புவித்தல். அவர் தினமும் அவ்வழியே போகிறவர்; பம்பு ஓடும்பொழுது ஒரு ரப்பர்க் குழாயை நீட்டினால் வேலை முடிந்தது. பத்துக் கன்றுகளுக்குப் பொறுப்பேற்ற இருபது நிலக்காரர்கள் உள்ள ஊரில் மேலே சொன்ன லாரியும் ஆட்களும் வேண்டியதில்லை.

சிறிதளவில் தொடங்கி வருஷத்துக்கு வருஷம் கூட்டிச் செல்லுவதன் பயனைக் கர்நாடகத்தில் கண்கூடாகக் காணலாம். ஹுலிகல் கிராமத்தில் கூலி வேலை செய்து வாழ்ந்த திம்மக்கா என்னும் அம்மையாரும் அவர் கணவரும் பிள்ளைப்பேறு இல்லாத குறைக்கு ஆறுதலாக, ஹுலிகலிலிருந்து குதூர் செல்லும் சாலையில் ஆலங்கன்று வைக்கத் தொடங்கினர். முதல் வருஷத்தில் வைத்தவை 10; இரண்டாம் வருஷத்தில் 15; மூன்றாம் வருஷத்தில் 20. மழைக்காலத்தில் நட்டு, முள் வேலி கட்டி, குடங்களில் நீர் சுமந்து வார்த்தனர். சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 385 ஆலமரங்கள் அவ்வாறு எழுந்தன. சாலுமரத திம்மக்கா என்று ஜனங்களால் அழைக்கப்பட்ட அவருக்கு 2019-ஆம் வருஷத்தில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 2025-ஆம் வருஷம் நவம்பரில் அவர் காலமானார். நிலமோ பணமோ இல்லாத இருவர், தம்மால் நீர் வார்க்கக்கூடிய அளவுக்கு மேல் ஒரு கன்றும் வைக்கவில்லை.

பணம் கொடுத்துச் செய்விக்கும் குழுக்களுக்கு வேறோர் உதாரணமும் உண்டு. ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தில் வங்காரி மாத்தாய் அம்மையார் 1977-ஆம் வருஷத்தில் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் நாற்று வளர்த்து நட்டனர். அவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. ஆனால் நட்ட கன்றுக்கு அன்று, பிழைத்த கன்றுக்கே. 2004-ஆம் வருஷத்தில் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர். நம் ஊர்களில் குழி வெட்டுவதற்கும் கூண்டு வாங்குவதற்கும் நன்கொடை தருவோர் பலர். அத்தொகையில் பாதியை நிறுத்தி வைத்து, அடுத்த ஐப்பசியில் பிழைத்திருக்கும் கன்றுகளை எண்ணி, அவற்றைப் பார்த்துக்கொண்டவர்க்குக் கொடுத்தால் அதன் பலன் வெகுவாகப் பெருகும் என்பது எமது அபிப்பிராயம்.

எந்த இடத்தில் எந்த மரம்

ஏரிக்கரையில் மரம் வைப்பதைப் பற்றிப் பொறியியல் உத்தியோகஸ்தர்கள் ஆட்சேபிப்பதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. கரையின் மேல்முகட்டிலும் நீர்ப்பக்கத்துச் சரிவிலும் பெருவேர் ஓடும் மரங்கள் நின்று பின்னர் பட்டுப்போனால், அவ்வேர் மக்கிய துவாரத்தின் வழியே நீர் கசிந்து கரை உடையக்கூடும். மதகுக்கும் கலங்கலுக்கும் அருகில் ஆல், அரசு, அத்தி ஆகியவற்றை வைத்தால் வேர் கட்டுமானத்தைப் பிளந்துவிடும். ஆகையால் கரையின் வெளிப்பக்கத்து அடியிலும், அதற்கப்பால் உள்ள புறம்போக்கிலும் புங்கு, இலுப்பை, நாவல், மருது, பூவரசு முதலியவற்றை வைக்கலாம். ஏரியின் உட்புறத்தில் தண்ணீர் தேங்கி வடியும் இடங்களுக்கு நாட்டுக் கருவேல் ஏற்றது. ஸ்வீடன் தேசத்தின் உதவியோடு 1981-ஆம் வருஷத்தில் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் பல ஏரிகளின் உள்வாயில் கருவேல் வளர்க்கப்பட்டதைப் பெரியவர்கள் நினைவு கொள்வர்.

வயலுக்கு நிழல் விழும் என்னும் குடியானவரின் கவலையும் நியாயமானதே. அகன்ற தலையுடைய மரத்தை வரப்பிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். அதற்கு இடமில்லாத குறுகிய கரைகளுக்குப் பனையைப் போன்றது வேறில்லை.

பனைக்கு ஆணிவேர் இல்லை. சல்லிவேர்கள் கொத்தாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளுகின்றன. நிழல் கொஞ்சம். நீர் வார்க்க வேண்டியதில்லை. கஜா புயலில் தென்னை விழுந்த இடங்களில் நிமிர்ந்து நின்ற பனைகளை எல்லோரும் பார்த்திருக்கின்றனர். 2021-ஆம் வருஷத்து வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு சர்க்கார் 30 ஜில்லாக்களில் 76 லட்சம் பனங்கொட்டைகளை வழங்கவும், பனையை வெட்ட ஜில்லாக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்ததிலிருந்து, கொட்டை ஊன்றும் குழுக்கள் மிகவும் பெருகிவிட்டன.

ஆனால் பனையின் சுபாவத்தை அறியாமல் ஊன்றுவோர் ஏமாற்றம் அடைகின்றனர். ஆவணி, புரட்டாசியில் பழுத்து விழும் பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். அவற்றைக் காயவிடாமல் எடுத்து, பத்தடிக்கு ஒன்றாக, ஒரு சாணுக்குக் குறையாத ஆழத்தில் ஊன்ற வேண்டும். முளை முதலில் மேலே வராது. கீழ்நோக்கி இறங்கி, மண்ணுக்குள்ளே கிழங்காகத் திரண்டு, அதன் பின்னரே ஓலை தலை காட்டும். இதற்குப் பல மாதங்கள், சில இடங்களில் ஒரு வருஷமும் செல்லும். முதல் வருஷத்தில் ஒன்றும் முளைக்கவில்லை என்று கைவிட்டுப் போன குழுக்கள் உண்டு. அதற்குள் தை மாதம் வந்துவிடுகிறது. பொங்கலுக்குப் பனங்கிழங்கு வேண்டாத வீடு ஏது? கரையில் வரிசையாகக் கொட்டை ஊன்றியிருப்பதை அறிந்த சிறுவர்கள் கடப்பாரையோடு வந்து ஒன்று விடாமல் தோண்டிச் செல்லுவார்கள். அவர்கள்மேற் கோபித்துப் பயனில்லை. கரைக்கு ஊன்றும் அன்றே, பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் ஒரு பாத்தியில் இருநூறு கொட்டைகளை நெருக்கமாகப் பதித்து, இக்கிழங்கு பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டால் கரை தப்பும்.

வடலி எழுந்த பின்னும் ஆபத்து மூன்று வகையில் வரும். கோரைக்கும் புல்லுக்கும் வைக்கும் தீ ஒன்று. கரை வேலைக்கு வரும் ஜே.சி.பி. இயந்திரம் மற்றொன்று, வாய்க்கால் ஓரத்தில் வண்டிப்பாதை வேண்டுமென்று அமுக்கிவிடும் டிராக்டர் மூன்றாவது. இயந்திர ஓட்டிக்குத் தெரியும்படி வரிசையின் இரு முனையிலும் வெள்ளையடித்த கல் நாட்டி வைத்தல் செலவில்லாத உபாயம். பனை பாளைவிட 12 முதல் 20 வருஷம் ஆகும். ஆண்பனையா பெண்பனையா என்பதும் அப்பொழுதே தெரியும். ஊன்றுகிறவர் பதநீர் குடிப்பதற்கென்று ஊன்றுவதில்லை.

சீமைக் கருவேலும் விறகும்

பசுமையை மீட்பதாகத் தொடங்கும் குழுக்களிற் பல முதலிற் கைவைப்பது வேலிகாத்தான் என்னும் சீமைக் கருவேலின் மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தேசத்துக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம் இன்று ஏரிகளையும் கண்மாய்களையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. 2017-ஆம் வருஷத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்றுமாறு உத்தரவிட்டதும், 2022-ஆம் வருஷத்தில் அன்னியக் களைத் தாவரங்களைப் பற்றிச் சர்க்கார் கொள்கை ஒன்றை வெளியிட்டதும் பலருக்குத் தெரியும்.

வெட்டினால் மட்டும் இது ஒழியாது. அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு பெயர்த்தெடுத்த பின்னரும், ஆடு மாடுகள் நெற்றைத் தின்று இட்ட சாணத்தின் வழியே விதை பரவி மழைக்கு மழை முளைத்துக்கொண்டேயிருக்கும். ஆதலால் முதல் மூன்று வருஷம் கார்த்திகை மாதத்தில், மண் ஈரமாயிருக்கும்பொழுது, கையால் இளங்கன்றுகளைப் பிடுங்கும் வேலையை ஏற்றுக்கொள்ளத் தயாராயில்லாத குழு இதனைத் தொடாமலிருப்பதே மேல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் நிலமில்லாத ஏழைகள் பலருக்கு இதுவே விறகு. கரிமூட்டம் போட்டு ஜீவிப்பவரும் உண்டு. நிலக்காரருக்குக் களையாயிருப்பது அவர்களுக்கு அடுப்பாயிருக்கிறது. ஒரே மூச்சில் ஊர் முழுவதையும் வெட்டவெளியாக்கி, அதில் விறகுக்கு உதவாத அலங்கார மரங்களை வைத்தால், அடுத்த கோடையில் அக்கன்றுகளே விறகாகும். நீர்வழியை முதலிற் சுத்தம் செய்து, மற்றதைப் பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேல், வேம்பு, மஞ்சணத்தி ஆகிய உபயோகமுள்ள மரங்களை வளர்த்து, அவற்றின் கிளைக்கழிவு விறகு இன்னாருக்கு என்று முன்னரே பேசி வைத்தல் நன்று. பெயர்த்த சீமைக் கருவேலின் முள்ளே புதிய கன்றுகளுக்கு இரண்டு வருஷத்துக்கு நல்ல வேலியாகும். கம்பிக் கூண்டுக்குச் செலவிடும் பணம் மிச்சம். முள்ளைத் திருடுவாரும் இல்லை.

ஆட்டுக்காரர்

கன்று நட்ட மறுநாள் ஆட்டுக்காரரோடு சண்டை தொடங்குவது வழக்கமாயிருக்கிறது. அவர் பல தலைமுறையாக மேய்த்துவந்த கரையில் ஒரு நாள் காலையில் திடீரென்று கன்றுகளும் பெயர்ப்பலகையும் தோன்றினால் அவர் என் செய்வார்? மேய்க்கால் புறம்போக்கு என்று கணக்கில் உள்ள நிலம் புல்லுக்கென்றே விடப்பட்டது. அதில் நெருக்கமாக மரம் வைத்தால் நிழலிற் புல் குன்றும். புல்வெளியும் பசுமையே என்பதை ஆர்வமிகுதியால் சில குழுக்கள் மறந்துவிடுகின்றன.

நடுவதற்கு முன் ஆடுமாடு வைத்திருப்போரை அழைத்து, நிலத்தை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை மட்டும் மூன்று வருஷத்துக்கு அடைத்து மற்றவற்றைத் திறந்து விடுவதாக ஒப்பந்தம் செய்து கொள்ளலாம். அடைத்த பங்கில் வளரும் புல்லை அறுத்துச் செல்லும் உரிமையை அவர்களுக்கே கொடுத்தால் காவலும் அவர்களே. ஓரங்களில் நொச்சி, ஆடாதொடை, கிளுவை ஆகியவற்றால் உயிர்வேலி அமைக்கலாம். இவற்றுள் நொச்சியையும் ஆடாதொடையையும் ஆடு தீண்டாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை

கர்ணம், மணியம் ஆகிய பதவிகள் 1980-ஆம் வருஷத்தில் எடுபட்டு, கிராம நிர்வாக அலுவலர் அவ்வேலைக்கு வந்தார். ஆனால் புறம்போக்கில் மரம் வைத்து மண் பிடிக்கும் தந்திரம் பழைய கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது போலவே இவர்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் வருஷம் கன்று. இரண்டாம் வருஷம் கன்றைக் காக்க வேலி. ஐந்தாம் வருஷம் வேலிக்குள் தென்னை. பத்தாம் வருஷம் அனுபவ பாத்தியம். தொண்டு செய்யும் குழுவின் பேராலேயே இது நடந்துவிடக்கூடும். 2011-ஆம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கிராமப் பொது நிலங்களில் ஆக்கிரமிப்பை அகற்றும்படி எல்லா ராஜ்யங்களுக்கும் கட்டளையிட்டிருக்கின்றது. ஏரிகளைப் பொறுத்தவரை 2007-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றது. பின்னால் அகற்றுவதைவிட முன்னால் எல்லை காட்டுவது சுலபம்.

ஆகவே குழுவினர் வந்து கேட்டவுடன் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து, நிலத்தின் வகையைப் பார்த்து, கல் தேடி, எல்லையை ஊரார் முன்னிலையில் காட்டிவிடுவது உத்தியோகஸ்தர் செய்யக்கூடிய பேருதவி. அனுமதி யாரிடம் பெறுவது என்பதிலும் குழப்பம் உண்டு. 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அனுமதியைக் கிராம சபையின் தீர்மானத்தோடு கேட்பது நல்லது. ஆகஸ்ட் 15-ஆம் தேதிக் கிராம சபையில் இடத்தையும் கன்றின் தொகையையும் தீர்மானித்தால், அக்டோபர் 2-ஆம் தேதிச் சபைக்குள் அனுமதி பெற்றுக் குழியும் வெட்டி முடித்து, ஐப்பசி மழைக்குத் தயாராயிருக்கலாம். வேலி தனி ஒருவர் பேரில் இராமல் ஊராட்சியின் பேரில் இருக்க வேண்டும் என்பதையும் அத்தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

புறம்போக்கிலுள்ள மரம் சர்க்காருக்குச் சொந்தம். எனினும் அதன் காய் கனிகளை அனுபவிக்க 2சி பட்டா என்னும் மரப்பட்டா கொடுக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. புளி, இலுப்பை, நாவல், பனை ஆகிய பலன் தரும் மரங்களை ஒருவரோ ஒரு குழுவோ வளர்க்க முன்வந்தால், பலன் யாருக்கு என்பதைத் தாலுகா அலுவலகத்தில் விசாரித்து எழுத்தில் வைத்துக்கொள்ளுவது பின்னாள் வழக்கைத் தவிர்க்கும். மகசூல் தரும் காலத்திலேயே தகராறு வருகிறது. கன்றாயிருக்கும்பொழுது ஒருவரும் உரிமை கோருவதில்லை.

கடைசியாக, பதிவுப் புத்தகம். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். அது குழுத் தலைவர் வீட்டில் இராமல் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். கன்றின் எண், மரத்தின் பெயர், நட்ட தேதி, பொறுப்பேற்ற நிலக்காரர் அல்லது வீட்டாரின் பெயர் ஆகியவற்றை ஒரு பக்கத்திலும், மூன்று வருஷத்துக்குச் சித்திரை முதல் தேதியிலும் ஐப்பசி முதல் தேதியிலும் எண்ணிய தொகையை எதிர்ப் பக்கத்திலும் எழுதவும். கன்று இறந்திருந்தால் காரணத்தை ஒரு சொல்லில் குறிக்கலாம்: நீர், ஆடு, தீ, இயந்திரம், கறையான். ஐப்பசியில் எண்ணும்பொழுதே போக்குக் கன்று வைத்துவிட வேண்டும். நீரின்றி இறந்த இடத்தில் பானை புதைக்காமல் மறுபடியும் வைப்பதிற் பயனில்லை. ஆடு தின்ற இடத்தில் முள் அடைக்காமல் வைப்பதும் அப்படியே. பனை வரிசைகளை மட்டும் முதல் சித்திரைக் கணக்கிற் சேர்க்காமல், ஊன்றி இரண்டு மழைக்காலம் சென்ற பின்னர் வரும் தை மாதத்தில் எண்ணி எழுதுக.